எல்ஜிபிடி பசங்களுக்கு ஸ்கூல்ல துணையா நிக்கறது எப்படின்னு டீச்சர்களுக்கு ஒரு ஆன்லைன் கோர்ஸ் - முழுசா முடிச்சிட்டு எழுதற ரிவ்யூ

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். பேரண்ட்ஸ் பத்தின பாடம் மட்டும் அவ்ளோ சொதப்பலா இல்லாம இருந்திருந்தா நாலரை குடுத்திருப்பேன், அத பத்தி கீழ நல்லாவே திட்டியிருக்கேன், அவசரமா இருக்கறவங்க நேரா அங்க போயிடுங்க.

கோர்ஸ் பேர் எங்கன்னு தேடாதீங்க, எழுதல. பேர் இல்லாம என்ன ரிவ்யூன்னு கேப்பீங்க, நியாயம் தான், ஆனா இத எங்க ஸ்கூல் மொத்தமா வாங்கி ஸ்டாஃபுக்கு லாகின் குடுத்தாங்க, பேர சொன்னா எந்த ஸ்கூல்னு ஒருத்தர் கண்டுபிடிப்பாங்க, அடுத்து திடீர்னு இத ஏன் வாங்கினாங்கன்னு யோசிப்பாங்க, அதுக்கு அடுத்து எந்த பிள்ளையாலன்னு கணக்கு போடுவாங்க. ஒரு பிள்ளையோட விஷயம் வெளிய போறது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் வேணும்னு சொல்லி போறதில்ல. இந்த மாதிரி கோர்ஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுல தான் வருது, அதனால நீங்க எதுல சேர்ந்தாலும் எத கவனிக்கணும் எத தாண்டி போகலாம்னு இதுல இருந்து புடிச்சுக்கலாம்.

மொத்தம் எட்டு பாடம். வீடியோ, படிக்க கொஞ்சம், கடைசில ஒரு குட்டி க்விஸ். ரெண்டு பாடத்துல மட்டும் சிமுலேட்டர் மாதிரி ஒண்ணு வருது, ஸ்க்ரீன்ல ஒரு ஸ்டூடண்ட் பேசும், நாம என்ன பதில் சொல்லணும்னு செலக்ட் பண்ணணும். இந்த கோர்ஸ்ல சரக்கு அங்க தான் இருக்கு.

முதல் பாடத்த பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. கே (ஆண்கள விரும்பற ஆண்), லெஸ்பியன் (பெண்கள விரும்பற பெண்), பை (ஒண்ணுக்கு மேற்பட்ட பாலினத்து மேல ஈர்ப்பு வர்றவங்க), ட்ரான்ஸ் (பிறந்தப்போ குறிச்ச பாலினத்தோட ஒத்துப்போகாதவங்க), இன்டர்செக்ஸ் (பிறப்புலயே உடம்பு ஆண், பெண்ங்கற வழக்கமான வகைக்குள்ள அடங்காதவங்க)னு கலர் கலரா கார்டு, ஒண்ண திருப்பினாத்தான் அடுத்தது திறக்கும். யார் மேல ஈர்ப்பு வருதுங்கறது ஒண்ணு, தன்ன ஆணா பெண்ணா எப்படி உணர்றாங்கங்கறது இன்னொண்ணு, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்கன்னு ஒரு வீடியோ இருக்கு, அது தெளிவு. "இதெல்லாம் ஒரு வியாதி தானே"ன்னு கேக்கறவங்களுக்காக, உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ல தன்பாலீர்ப்ப நோய் பட்டியல்ல இருந்து எடுத்ததையும், 2019ல ஒத்துக்கிட்ட புது பட்டியல்ல ட்ரான்ஸ் சம்பந்தப்பட்டத மனநோய் பகுதிய விட்டே நகர்த்தினதையும் போட்டிருக்காங்க. ஸ்டாஃப் ரூம் வாக்குவாதத்துக்கு தேதியோட கைல வச்சுக்கறது நல்லது. மத்தபடி ஸ்பீட ஏத்தி ஓட்டிருங்க.

ரெண்டாவது பாடம் ஸ்கூல் ஏன் இதுல தலையிடணும்ங்கறது. இங்க தான் எனக்கு முதல் தடவ நிமிர்ந்து உக்கார தோணுச்சு. ஜேமி நபோஸ்னின்னு ஒரு பையன், அமெரிக்கால விஸ்கான்சின் மாநிலத்துல ஆஷ்லாண்ட்ங்கற சின்ன ஊரு. கே-ன்னு தெரிஞ்சதுல இருந்து வருஷக்கணக்கா அடி, திட்டு, அவமானம், ஒரு தடவ வயித்துல மாத்தி மாத்தி உதைச்சதுல உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஆபரேஷன் பண்ற வரைக்கும் போச்சு. அவனும் வீட்லயும் திரும்ப திரும்ப ஸ்கூல்ல போய் சொல்லியிருக்காங்க. வெளிப்படையா கே-யா இருந்தா இதெல்லாம் எதிர்பார்க்கத்தான் வேணும்ங்கற மாதிரி பதில் வந்துச்சுன்னு கோர்ட் ரெக்கார்டுல இருக்கு. 1996ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் அந்த அதிகாரிங்க மேல கேஸ் நடத்தலாம்னு சொல்லிருச்சு, ஜூரி அவங்கள பொறுப்பாக்குச்சு, 9 லட்சம் டாலருக்கு மேல குடுத்து செட்டில் பண்ணாங்க.

கோர்ஸ்ல நஷ்டஈட்டு தொகைய பெருசா போட்டு அதோட முடிச்சிட்டாங்க. எனக்கு அதுல முக்கியமா பட்டது வேற. அந்த ஸ்கூல்ல சீண்டலுக்கு எதிரா விதி இல்லாம இல்ல, இருந்துச்சு. பொண்ணுங்க வந்து கம்ப்ளெய்ன்ட் பண்ணா நடவடிக்கையும் எடுத்தாங்க. இவன் வந்தப்போ மட்டும் எடுக்கல. கோர்ட் புடிச்சது அந்த இடத்த தான். அதாவது புது சட்டம், புது கமிட்டி எதுவும் தேவைப்படல, மத்த பிள்ளைக்கு பண்றத இந்த பிள்ளைக்கும் பண்ணியிருந்தாலே போதும். "எங்க ஸ்கூல்ல இதுக்குன்னு பாலிசி இல்லையே மேடம்"னு சொல்ற ஹெட்மாஸ்டர்களுக்கு இத ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து குடுக்கலாம்.

அதே பாடத்துல பிரிட்டனோட செக்‌ஷன் 28 வருது. 1988ல கொண்டு வந்த சட்டம், தன்பாலீர்ப்ப "ஊக்குவிக்க" கூடாதுன்னு ஸ்கூல்கள நடத்தற உள்ளாட்சி அமைப்புகளுக்கு தடை, ஸ்காட்லாந்துல 2000லயும் இங்கிலாந்து வேல்ஸ்ல 2003லயும் தான் எடுத்தாங்க. அத்தன வருஷத்துல அதுக்கு கீழ ஒரு வழக்கு கூட ஜெயிச்சதில்ல, ஆனா டீச்சர்ஸ் வாய தொறக்க பயந்தாங்க, ஒரு பையன அடிக்கும்போது கூட ஏன் அடிக்கறன்னு கேக்க தயங்கினாங்க. இத பார்த்துட்டு எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தங்க, நமக்கு அப்படி ஒரு சட்டமே இல்லாம அதே பயம் இருக்கேன்னு சொன்னாங்க. யாரும் பதில் பேசல.

சயின்ஸ் சார் ஒருத்தர் மட்டும் ஆரம்பத்துல இருந்தே முறைச்சுக்கிட்டு இருந்தாரு. இருபது வருஷமா பிள்ளைங்கள பார்க்கறேன், இத எனக்கு புதுசா கம்ப்யூட்டர் வந்து சொல்லிக்குடுக்கணுமான்னு. அவருக்கு நான் சொன்னது கோர்ஸ்ல இல்லாத விஷயம், மெட்ராஸ் ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனந்த் வெங்கடேஷ் 2021ல ஒரு லெஸ்பியன் ஜோடியோட கேஸ விசாரிக்கும்போது, எனக்கு இது முழுசா புரியல, புரியாம தீர்ப்பு எழுத மாட்டேன்னு அவரே ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போய் உக்காந்து கேட்டுட்டு வந்தாரு, அத தீர்ப்புலயும் மறைக்காம எழுதினாரு. ஹைகோர்ட் ஜட்ஜே போய் கேட்டுட்டு வந்தாருன்னா நமக்கென்ன சார் கௌரவ குறைச்சல்னேன். சார் ஒண்ணும் சொல்லல, ஆனா லாகின் பண்ணாரு.

இப்ப மூணாவது பாடம். சிமுலேட்டர். காசு குடுத்தது இதுக்கு தான்னு நினைச்சுக்கலாம்.

ஸ்க்ரீன்ல வர்ற ஸ்டூடண்ட் பேரு மாயா. கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போயாச்சு, மாயா மட்டும் பேக்க மாட்டிக்கிட்டு கதவு பக்கத்துல நிக்கறா. "மிஸ், நாளைல இருந்து நான் பி.டி. பீரியடுக்கு வரலன்னா பரவாயில்லையா?" அவ்ளோ தான் கேள்வி. கீழ நாலு பதில் வரும். உடம்பு சரியில்லையா, லெட்டர் எழுதிட்டு வா, பி.டி. சார்கிட்ட போய் கேளு, என்னாச்சு உக்காரு. முதல் ரவுண்டு யாருக்கும் ஈசி, நாலாவது தான்னு தெரியும். அடுத்த ரவுண்டுல மாயா "டிரஸ் மாத்தற ரூம்ல ஒரு மாதிரி பேசறாங்க மிஸ்"னு சொல்றா. இங்க "யாரு, பேர் சொல்லு, இப்பவே கூப்பிடறேன்"ங்கறது நமக்கெல்லாம் உடனே வர்ற பதில், நல்ல மனசுல வர்றது தான், ஆனா அத அமுக்கினா மாயா "இல்ல மிஸ், விடுங்க"ன்னு போயிடறா. அவ்ளோ தான், முடிஞ்சது, திரும்ப முதல்ல இருந்து.

அஞ்சாவதா ஒரு பட்டன் ஓரத்துல இருக்கு, நிறைய பேர் கவனிக்கவே இல்ல. "எதுவும் சொல்லாம இரு." அத அமுக்கினா ஒண்ணும் ஆகாது. நிஜமாவே ஒண்ணும் ஆகாது, ஸ்க்ரீன் ஹேங் ஆயிடுச்சோன்னு நினைப்பீங்க. மாயா பேக் ஜிப்ப இழுப்பா, மூடுவா, திரும்ப இழுப்பா. வெளிய பசங்க ஓடற சத்தம். பெல் அடிக்கும். அப்பறமா, தரைய பார்த்துக்கிட்டே, "எனக்கு பொண்ணுங்கள தான் புடிக்குது மிஸ்"னு சொல்லுவா. அந்த நேரம் முழுக்க எதையாவது அமுக்கணும்னு நம்ம கை பரபரக்கும் பாருங்க, பேசியே பழகின ஜென்மம் நாம, அத இந்த பாடம் ஒரு லெக்சரும் இல்லாம காட்டி குடுத்துடுது.

அதுக்கு அடுத்து வர்ற பதில்கள் தான் உண்மையான பரீட்சை. "இந்த வயசுல இப்படித்தான் தோணும், போகப்போக சரியாயிடும்." "எனக்கு அதுல ஒரு ப்ராப்ளமும் இல்ல, என் ஃப்ரெண்ட் ஒருத்தர் கூட அப்படித்தான்." "வீட்ல சொல்லிட்டியா?" "என்கிட்ட சொன்னதுக்கு தேங்க்ஸ். இது வேற யாருக்கு தெரியும்?" ஒவ்வொண்ணுக்கும் அப்பறம் என்ன ஆகுதுன்னு காட்டறாங்க. முதலாவது, அவ இத்தன நாள் தனக்குள்ளயே வச்சு புழுங்கினத ஒரு வார்த்தைல ஒண்ணுமில்லாம ஆக்கிடுது. ரெண்டாவதுல பேச்சு டீச்சர பத்தி ஆயிடுது. நாலாவதுல கேக்கற "வேற யாருக்கு தெரியும்" வெறும் விசாரிப்பு இல்ல, நாளைக்கு அவ ஃப்ரெண்ட்ஸ் முன்னாடியோ அம்மா முன்னாடியோ நாம வாய் தவறி விட்டுட கூடாதுல்ல, அதுக்கு. இத நான் வேற எந்த ட்ரெயினிங்லயும் கேட்டதில்ல.

சயின்ஸ் சார் மூணாவத அமுக்கினாரு, அதுக்கு அடுத்த ரவுண்டுல "பேரண்ட்ஸ நாளைக்கு வரச்சொல்லு"வயும் அமுக்கினாரு. "அடுத்த வாரம்"னு ஒரு ஸ்லைடு, கிளாஸ் ரூம், மாயா உக்கார்ற இடம் காலி. வேற ஒரு விளக்கமும் கிடையாது. சார் கண்ணாடிய கழட்டி தொடைச்சிட்டு, யார்கிட்டயும் ஒண்ணும் பேசாம திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு.

இதே பாடத்துல இன்னொரு கிளை இருக்கு, மாயா "சில நேரம் இருக்கவே வேணாம்னு இருக்கு மிஸ்"னு சொல்ற மாதிரி. அங்க நேரடியா, செத்துப்போகணும்னு தோணுதான்னு கேக்க சொல்றாங்க. கேட்டா நாமளே ஐடியா குடுத்த மாதிரி ஆயிடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கும், அது தப்பு, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வர்றதில்ல, கேட்டா தான் பிள்ளைக்கு மூச்சு விட முடியுது. யார்கிட்டயும் சொல்லவே மாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணாதீங்கன்னும் சொல்றாங்க. உயிருக்கு ஆபத்துன்னா நான் கவுன்சிலர கூப்பிட வேண்டி வரும், ஆனா உன்கிட்ட சொல்லிட்டு தான் கூப்பிடுவேன், எதுக்காகன்னு மட்டும் தான் சொல்லுவேன், மத்தது உன்னோடது, இப்படி முன்னாடியே சொல்லிடணும். பாடத்த முடிக்கும்போது எல்ஜிபிடி இளைஞர்களோட தற்கொலைய தடுக்க வேலை பண்ற ட்ரெவர் ப்ராஜெக்ட்ங்கற அமெரிக்க அமைப்பு 2019ல வெளியிட்ட ஆய்வு ஒண்ண போடறாங்க, ஏத்துக்கற பெரியவங்க ஒருத்தராவது வாழ்க்கைல இருந்த எல்ஜிபிடி பசங்ககிட்ட, அதுக்கு முந்தின வருஷத்துல தற்கொலை முயற்சி பண்ணதா சொன்னது 40 சதவீதம் கம்மி. ஒருத்தர் போதும். அது பெத்தவங்களா தான் இருக்கணும்னு இல்ல.

குறைன்னு சொன்னா, மாயா ரொம்ப அழகா பேசறா. நிஜத்துல எந்த பிள்ளையும் ரெண்டு நிமிஷத்துல இவ்ளோ கோர்வையா சொல்லாது. "ஒண்ணுமில்ல மிஸ்"னு போயிடும், மூணு மாசம் கழிச்சு ரெக்கார்டு நோட்டு சைன் வாங்கற சாக்குல வந்து பாதி சொல்லும், நடுவுல இன்னொரு டீச்சர் உள்ள வந்துட்டா மீதியும் போச்சு. அந்த மூணு மாசம் என்ன பண்ணணும்னும் ஒரு சிமுலேட்டர் வைங்கப்பா.

நாலாவது பாடம் கிளாஸ்ல நடக்கற கிண்டல். இது வேற எங்கயோ இருக்கற பசங்கள வச்சு எடுத்தது, அதுல வர்ற கிண்டல் எதுவும் நம்ம பசங்க பண்றது கிடையாது. தமிழ் பேசற கிளாஸ் ரூம்ல வாய தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம், அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ரோல் நம்பர் எட்டு முடிஞ்சு அடுத்தது வரும்போது ஒரு கனைப்பு, பின் பெஞ்சுல ஒரு சிரிப்பு, போதும். அந்த நம்பர் யாருக்கு விழுந்திருக்கோ அந்த பையன் வருஷம் முழுக்க "ப்ரெசண்ட்"ங்கறத தலைய குனிஞ்சுக்கிட்டு சொல்லுவான், அவன் கே-யோ இல்லையோ, நடை கொஞ்சம் மெதுவா இருந்தா கூட முடிஞ்சது கதை. இத எந்த கோர்ஸும் சொல்லித்தராது, ஆனா இவங்க சொல்ற முறை இதுக்கும் செட் ஆகுது. அந்த நொடிலயே நிறுத்து, என்ன நடந்துச்சோ அத சுருக்கமா பேர் வச்சு சொல்லு, "ஒருத்தர பார்த்து சிரிக்கறதுக்கு இங்க இடமில்ல", பாடத்துக்கு திரும்பு. அடிபட்ட பிள்ளைய எழுப்பி நிறுத்தி நீ என்ன ஃபீல் பண்ணன்னு கேக்காத. அவன்கிட்ட தனியா, அதே நாள்லயே, ரெண்டு வார்த்தை. எங்ககிட்ட ஒரு டீச்சர் இந்த பாடத்துக்கு அப்பறம் நம்பர விட்டுட்டு பேர் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பிச்சாங்க, ஒரு அறிவிப்பும் இல்லாம. அந்த கிளாஸ்ல கனைப்பு நின்னுபோச்சு, கனைக்கறதுக்கு இடம் இல்லல்ல.

அஞ்சாவது பாடத்துலயும் சிமுலேட்டர், இந்த தடவ கதிர்னு ஒரு பையன், ஆனா அவன் நம்மகிட்ட வர்றது குற்றவாளியா. ஒருத்தன் மூக்க உடைச்சிட்டான். நாம சொல்லணும் என்ன தண்டனைன்னு. இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேக்கற பதில் மூணாவது ஸ்க்ரீன்ல தான் வருது, அதுக்குள்ள பாதி பேர் சஸ்பெண்ட் பண்ணி முடிச்சிருவோம். மாச கணக்கா அவன் டெஸ்க்ல எழுதி வச்சது, பாத்ரூம்ல வழிய மறிச்சது, அதனால இன்டர்வெல்ல பாத்ரூமே போகாம இருந்தது, தண்ணி குடிக்கறதையே நிறுத்தினது, எல்லாம் கேட்டா தான் வெளிய வருது. அடிச்சது சரின்னு கோர்ஸ் சொல்லல, நானும் சொல்லல. ஆனா மறிச்சவனுங்களுக்கு ஒண்ணும் இல்லாம இவனுக்கு மட்டும் டிசி-ன்னு முடியற கதை எல்லா ஸ்கூல்லயும் இருக்கும். மாயாவ விட இந்த கதிர் எனக்கு நெஜமா பட்டான்.

ஆறாவது ட்ரான்ஸ் ஸ்டூடண்ட்ஸ் பத்தி. ரெஜிஸ்டர், டாய்லெட், யூனிஃபார்ம், டூர் போனா யார் கூட ரூம். வேகமா ஓடிடுது, ஒவ்வொண்ணுக்கும் இன்னும் நேரம் எடுத்திருக்கலாம். பேர் விஷயத்துல மட்டும் ஒரு நல்ல ஆதாரம் வச்சிருக்காங்க, 2018ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, ட்ரான்ஸ் இளைஞர்கள அவங்க தேர்ந்தெடுத்த பேர்ல கூப்பிடற இடம் வீடு, ஸ்கூல், வேலை, ஃப்ரெண்ட்ஸ்னு ஒண்ணு கூடினாலே தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவா இருந்துச்சாம். சர்டிஃபிகேட்ல என்ன பேர் இருக்கணும்ங்கறதுக்கு ஆயிரம் ரூல் இருக்கலாம், கிளாஸ்ல வாயால கூப்பிடறதுக்கு எந்த ரூலும் தடுக்கல. ஒரே ஒரு எச்சரிக்கை, கூப்பிடறதுக்கு முன்னாடி அந்த பிள்ளைகிட்டயே கேக்கணும், எங்க கூப்பிடலாம் எங்க கூடாதுன்னு. கிளாஸ்ல புது பேரு, பேரண்ட்ஸ் மீட்டிங்ல பழைய பேருன்னு அவங்களே கேக்கலாம். அது நமக்கு குழப்பமா இருக்கும், இருக்கட்டும். அப்பறம் நம்ம "டேய்", "ஏம்மா" பழக்கத்தையும் கொஞ்சம் அடக்கணும், பேருக்கு அவ்ளோ மெனக்கெட்டுட்டு "வாடா"ன்னு முடிச்சா என்ன பிரயோஜனம்.

இப்ப ஏழாவது. பேரண்ட்ஸ். இங்க தான் எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு.

ஆரம்பம் என்னவோ பிரமாதம். 2009ல பீடியாட்ரிக்ஸ்ங்கற குழந்தை மருத்துவ இதழ்ல கெய்ட்லின் ரயன் குழு எழுதின ஆய்வு, டீன் ஏஜ்ல வீட்ல கடுமையா ஒதுக்கப்பட்டவங்க, அப்படி ஒதுக்கப்படாதவங்கள விட தற்கொலைக்கு முயற்சி பண்ணது 8 மடங்குக்கும் மேல. இத சொல்லிட்டு, அதாவது வீடு எவ்ளோ ஆபத்தா மாறலாம்னு அவங்க வாயாலயே சொல்லிட்டு, அடுத்த ஸ்லைடுல வீட்டுக்கு அனுப்பறதுக்கு ஒரு மாதிரி கடிதம் குடுக்கறாங்க. "உங்கள் பிள்ளையின் அடையாளத்தைக் கொண்டாடும் இந்தப் பயணத்தில் எங்களுடன் இணையுங்கள்." எந்த வீட்டுக்கு அனுப்பறது இத? வீட்ல ஏற்கனவே தெரியும், ஏத்துக்கிட்டாங்க, ஸ்கூல் கூட பேச தயாரா இருக்காங்கன்னு வச்சுக்கிட்டு எழுதின கடிதம். அப்படிப்பட்ட வீட்டு பிள்ளைக்கு என் உதவி பாதி தேவையே இல்லையே.

நிஜத்துல என்ன நடக்குது? அப்பா ஃபோன பார்த்துட்டாரு. காலைல ஆஃபீஸ் ரூம்ல வந்து நிக்கறாங்க, வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்டோட, அம்மா ஓரமா அழுதுட்டு இருக்காங்க, "யாரு மேடம் அந்த பொண்ணு, உங்க கிளாஸ் தானே, உங்களுக்கு தெரிஞ்சிருக்கும்ல"ன்னு அப்பா. ஹெட்மாஸ்டர் பிரச்சனை நம்ம கேட்ட தாண்டினா போதும்னு டிசி-க்கு ரெடியா இருக்காரு. அந்த இன்னொரு பொண்ணு அப்ப மேல மூணாவது மாடில மேத்ஸ் டெஸ்ட் எழுதிட்டு இருக்கா, ஒண்ணும் தெரியாம. இப்ப நான் என்ன சொல்லணும், என்ன சொல்ல கூடாது? இதுக்கு ஒரு சிமுலேட்டர் வச்சிருந்தா அஞ்சுக்கு ஆறு குடுத்திருப்பேன். ஒரு வரி இல்ல.

அதனால நாங்களும் ஸ்கூல் கவுன்சிலரும் உக்காந்து எங்களுக்குள்ள ஒரு வழி வச்சுக்கிட்டோம், உபயோகப்படும்னு சொல்றேன். பேரண்ட்ஸ்கிட்ட ஸ்கூல்ல நடந்தத மட்டும் பேசறது. மார்க் குறைஞ்சிருக்கு, லீவு கூடியிருக்கு, சில பசங்க தொந்தரவு பண்றாங்க, நாங்க நடவடிக்கை எடுத்திருக்கோம். ஏன் தொந்தரவு பண்றாங்கங்கறது பிள்ளை சொல்ல வேண்டியது, நாங்க சொல்ல மாட்டோம், கேட்டாலும் "அத பிள்ளைகிட்ட அமைதியா கேளுங்க, இன்னைக்கே வேணாம்"னு தான் பதில். மத்த எந்த பிள்ளை பேரும் எங்க வாய்ல இருந்து வராது. அப்பறம் பேரண்ட்ஸ தனித்தனியா பார்க்கறது, ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கும்போது அப்பா கோவத்துக்கு அம்மாவும் தலையாட்டுவாங்க, தனியா வந்தா "அது சாப்பிடறதே இல்ல மிஸ், என்ன பண்றதுன்னு தெரியல"ன்னு தான் ஆரம்பிப்பாங்க.

வீட்ல பிள்ளையோட ஈர்ப்பயோ பாலின உணர்வையோ மாத்தறதுக்குன்னு எங்கயாவது கூட்டிட்டு போறத பத்தியும் கோர்ஸ்ல அரை ஸ்லைடு தான். அப்படி ஒரு சிகிச்சையே கிடையாது, நடக்கறது எல்லாம் பிள்ளைக்கு சேதம் மட்டும் தான், மேல சொன்ன அதே 2021 உத்தரவுல கோர்ட் இந்த மாதிரி மாத்தற முயற்சிகளுக்கு தடை போட்டிருக்கு, மால்டா மாதிரி நாடுகள் 2016லயே தனி சட்டமா போட்டுருச்சு. ஒரு டாக்டர் சொன்னாருன்னு பேரண்ட்ஸ் வந்தா டீச்சருக்கு சொல்றதுக்கு இவ்ளோவாவது கைல வேணும்ல.

கடைசி பாடம் ஸ்கூல்ல க்ளப் ஆரம்பிக்கறது, ஸ்டிக்கர் ஒட்டறது. ஸ்டிக்கர் பத்தி எனக்கு சந்தேகம் இருக்கு. ரூம் கதவுல எல்ஜிபிடி அடையாளமான ரெயின்போ ஸ்டிக்கர் ஒட்டினா இங்க வந்து பேசலாம்னு பிள்ளைக்கு தெரியும், சரி. ஆனா அந்த கதவ தட்டறத கிளாஸே பார்க்குமே. ஒட்டின டீச்சர் மூணாவது பாடத்த ஒழுங்கா பண்ணலன்னா இன்னும் மோசம், நம்பி வந்த பிள்ளைக்கு "வீட்ல சொல்லிட்டியா" தான் கெடைக்கும். க்ளப் ஐடியா பரவாயில்ல. 1988ல மாசசூசெட்ஸ்ல கான்கார்ட் அகாடமின்னு ஒரு ஸ்கூல்ல கெவின் ஜென்னிங்ஸ்ங்கற ஹிஸ்டரி டீச்சரும் ஸ்டூடண்ட்ஸும் சேர்ந்து ஆரம்பிச்சதுல கே, ஸ்ட்ரெய்ட் (எதிர்பாலின ஈர்ப்பு உள்ளவங்க) ரெண்டு வகை பசங்களும் இருந்தாங்க, ஆரம்பிக்கலாமான்னு முதல்ல வந்து கேட்டதே ஒரு ஸ்ட்ரெய்ட் பொண்ணு தான். யார் வேணா வரலாம்னு இருக்கறதால, உள்ள வர்றவங்க யாரும் தன்ன பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. அந்த ஏற்பாடு தான் புத்திசாலித்தனம். அதுக்கு ஸ்கூல் ஒத்துக்கலன்னா சீண்டலுக்கு எதிரான க்ளப்னு பொதுவா வச்சுக்கிட்டாலும் அதே பசங்க வந்து சேருவாங்க.

டெக்னிக்கல் விஷயங்கள். க்விஸ் சும்மா, எல்லாத்துலயும் நீளமா இருக்கற பதில அமுக்கினா பாஸ். சர்டிஃபிகேட் உடனே வருது, நல்லாருக்கு, ஆனா எட்டு பாடத்த க்ளிக் பண்ணி தள்ளினவங்களுக்கும் அதே சர்டிஃபிகேட் தான். மொபைல் ஆப் போடாதீங்க, "மாயா உங்களுக்காகக் காத்திருக்கிறாள்"னு ராத்திரி பத்து மணிக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்புது, கீழ கோர்ஸ் பேர் முழுசா, லாக் ஸ்க்ரீன்லயே. ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர்ல மெயில் திறந்து வச்சிட்டு போற ஆளுங்க இருக்காங்க, ரிமைண்டர் மெயில் சப்ஜெக்ட்லயும் இதே கூத்து. டீச்சர்லயும் எல்ஜிபிடி ஆளுங்க இருப்பாங்க, வெளிய சொல்லாம வேலை பார்க்கறவங்க, அவங்கள பத்தி யோசிச்ச மாதிரியே தெரியல.

இத விட பெரிய கொடுமை ஸ்டூடண்ட்ஸுக்கு குடுக்கறதுக்குன்னு ஒரு பிடிஎஃப். உள்ள விஷயம் அருமை, யார்கிட்ட பேசறது, கிண்டல் பண்ணா தேதி இடம் போட்டு எழுதி வைக்கறது, ஸ்க்ரீன்ஷாட் எப்படி சேத்து வைக்கறதுன்னு எல்லாம் உருப்படியா இருக்கு. ஆனா முதல் பக்கம் முழுக்க வானவில், நடுவுல கொட்டை எழுத்துல தலைப்பு. இத எந்த பிள்ளை பேக்ல வச்சு வீட்டுக்கு எடுத்துட்டு போகும்? பேக்க செக் பண்ற வீடு எத்தன இருக்கு. நாங்க விஷயத்த மட்டும் வெள்ளை பேப்பர்ல, "ஸ்கூலில் தொந்தரவு இருந்தால்"னு பொது தலைப்பு போட்டு டைப் அடிச்சு, எல்லா கிளாஸுக்கும் எல்லாருக்கும் குடுத்துட்டோம். யாருக்கு தேவையோ அவங்க வச்சுப்பாங்க.

யார் வாங்கலாம்னா, ஸ்கூல்ல ஒரு கவுன்சிலராவது இருந்து, சேர்ந்து உக்காந்து பார்த்து பேச ஆள் இருந்தா வாங்கலாம். தனியா ஒரு டீச்சர் சொந்தமா படிக்கணும்னா மூணு, அஞ்சு, ஆறு இந்த வரிசைல பண்ணுங்க, நேரம் இருந்தா ரெண்டு. ஏழ பார்த்துட்டு அந்த கடிதத்த மட்டும் தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பிடாதீங்க. பேரண்ட்ஸ் தனக்காக படிக்கணும்னு நினைச்சா இது அவங்களுக்கான கோர்ஸ் இல்ல, மாயா சீன் மட்டும் எங்கயாவது கெடைச்சா பார்க்கலாம், மிஸ்-க்கு பதிலா அம்மான்னு போட்டுக்கிட்டா அப்படியே பொருந்தும்.

அப்டேட்: பிடிஎஃப் அட்டை பத்தியும் நோட்டிஃபிகேஷன் பத்தியும் சப்போர்ட்டுக்கு எழுதியிருந்தேன். நோட்டிஃபிகேஷன்ல இப்ப கோர்ஸ் பேர் வரல, "உங்கள் பாடம் பாக்கி உள்ளது"ன்னு மட்டும் வருது, அதுக்கு ஒரு தேங்க்ஸ். அட்டைய பத்தி "டிசைன் டீமுக்கு அனுப்பியுள்ளோம்"னு பதில் வந்துச்சு. வானவில் இன்னும் அங்கயே தான் இருக்கு.